திருவிருந்துக்கு எழும்பாதவன்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பூங்கனி டீச்சருக்குக் கோயிலில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, திருவிருந்து எடுப்பது. மற்றது, யாரெல்லாம் எடுக்கவில்லை என்று பார்ப்பது. முதல் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பீடத்தின் முன் முழங்காலிட்டு, அப்பத்தை வாங்கி, போதகர் நீட்டும் கிண்ணத்தில் ஒரு மிடறு குடித்துவிட்டு வந்தால் தீர்ந்தது. இரண்டாவது வேலைக்குத்தான் கழுத்து வலிக்கும். ஆண்கள் பக்கம் ஒவ்வொரு பெஞ்சாக எழும்பிப் போகும்போது, எழும்பாமல் உட்கார்ந்திருப்பவர்களைத் தலை குனிந்தபடியே கடைக்கண்ணால் எண்ணிவிடுவாள்.

இதைக் கேட்டதும் அவளை ஊர்வம்பு பிடித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்திரண்டு வருடம் ஆரம்பப் பள்ளியில் வருகைப்பதிவு எடுத்தவள். ஆளில்லாத இடம் கண்ணில் பட்டால் காரணம் தேடாமல் இருக்க அவளால் முடியாது. காய்ச்சலில் கிடப்பவர் வீட்டுக்குக் கஞ்சியும் பயறும் தூக்கிக்கொண்டு போகிறவளும் அவள்தான். கருங்கலுக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர் அவள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துகிறவள் அவள். திருவிருந்துக்கு வேண்டிய திராட்சரசத்தை வீட்டில் செய்து கொடுக்கிறவளும் அவள். இவ்வளவு செய்கிறவளுக்கு மற்றவர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கக் கூடாதா என்றால், இருக்கலாம். அதை ஆண்டவரிடம் சொல்லும் சாக்கில் ஊருக்கே கேட்கும்படி சொன்னதுதான் கோளாறு.

அந்த வருடம் அவள் கண்ணில் விழுந்தவன் ஷாஜன். கருங்கலில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் சரியான குடிகாரன். வீட்டில் பாத்திரம் பண்டம் மிஞ்சவில்லை. மனைவி பிரீனா மகளைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு யாரோ நல்லவர்கள் அவனைப் பிடித்துக் குடிமறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். நாற்பத்தைந்து நாள் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அதன்பின் மூன்று வருடமாகத் தொடவில்லை. பிரீனா திரும்பி வந்தாள். மகள் அபினா பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஞாயிறு தவறாமல் மூன்று பேரும் கோயிலுக்கு வருவார்கள். ஆனால் அந்த வருடம் புதுப் போதகர் வந்ததிலிருந்து, திருவிருந்து நேரத்தில் பிரீனா மட்டும் எழும்பிப் போவாள். ஷாஜன் முன்பெஞ்சின் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

முதல் மாதம் உடம்புக்கு முடியவில்லை போல என்று பூங்கனி நினைத்தாள். மூன்றாம் மாதம் யாரோடாவது சண்டையா என்று விசாரித்தாள். ஆறாம் மாதம் ஆனபோது விசாரிக்க வேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டது. மனதில் பாவம் வைத்திருக்கிறவன்தானே ஆண்டவருடைய பந்திக்கு அஞ்சுவான்? பழையபடி ஆரம்பித்துவிட்டான், பெண்டாட்டி மூடி மறைக்கிறாள், வேறென்ன?

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அதை ஆண்டவர் முன் வைத்தாள். "அன்பின் பரம பிதாவே, உம்முடைய பந்தியை அசட்டை பண்ணி, பழைய பாதைக்குத் திரும்பின ஒரு சகோதரனை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். எத்தனையோ குடும்பங்களைத் தன் வண்டியில் ஏற்றிப் போகிறவன், ஆண்டவரே, அந்த உயிர்களை நினைத்தருளும். அவனுடைய வீட்டாருக்கு உண்மையைச் சொல்லும் தைரியத்தைத் தாரும்."

பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் ஜெபிப்பதுதான் மரியாதை என்பது சங்கத்தின் வழக்கம். அடையாளம் சொல்வதற்குத் தடை கிடையாது. இருபது முக்காடுகளுக்குள்ளிருந்து "ஆமென்", "ஸ்தோத்திரம்" என்று குரல்கள் எழும்பின. இருபத்தொன்றாவது முக்காட்டுக்குள் பிரீனா இருந்தாள். அவள் ஆமென் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமையே, அங்கே ஆமென் சொன்னவர்களில் ஒருத்தியான லிஜா தன் இரண்டு பிள்ளைகளையும் ஷாஜனுடைய ஆட்டோவிலிருந்து நிறுத்தி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டாள். இன்னும் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் அதையே செய்தார்கள். காரணம் கேட்ட ஷாஜனிடம் ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள். பிரீனா வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்திக்கொண்டாள். அது பூங்கனிக்கு இன்னொரு சாட்சியாகப் போயிற்று.

அக்டோபரில் பேராயர் வந்து திடப்படுத்தல் நடத்துவதாக இருந்தது. வளர்ந்த பிள்ளைகள் தலைமேல் பேராயர் கைவைத்து ஜெபிப்பார். அன்றைக்குத்தான் அவர்களுக்கு முதல் திருவிருந்து. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நடுவில் முழங்காலிட, அப்பா ஒரு பக்கமும் அம்மா மறுபக்கமும் முழங்காலிட்டு மூன்று பேரும் சேர்ந்து எடுப்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற அப்பாக்கள்கூட இதற்கென்று லீவு போட்டு வருவார்கள். பதினான்கு பிள்ளைகளின் பட்டியலில் அபினா பெயரும் இருந்தது. ஷாஜன் என்ன செய்யப் போகிறான் என்று சங்கத்தில் பேச்சு அடிபட்டது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை பகலில் பிரீனா டீச்சர் வீட்டுக்கு வந்தாள். பூங்கனி அடுக்களையில் ரசத்தை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் கிராம்பும் பீங்கான் பரணியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறி, இருபத்தொரு நாள் கழித்துத் திறந்தால் அடுக்களை முழுக்க ஒரு வாசம் எழும்பும். பிரீனா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வா பிள்ள. என்ன, வெள்ளிக்கிழமை எல்லாம் ஆளயே காணல்ல?"

"ஒரு காரியம் சொல்லணும் டீச்சர். அவருக்குத் தெரியாம வந்திருக்கேன்." பிரீனா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு குடிக்கல்ல டீச்சர். மூணு வருசமா ஒரு துளி நாக்குல பட்டதில்ல. திருவிருந்துக்கு எழும்பாதது அதுக்காக்கும்."

"எதுக்கு?"

பிரீனா பரணியைப் பார்த்தாள். "இந்த வாசத்துக்கு. சென்டர்ல டாக்டரு சொல்லித்தான் விட்டாரு, ஒரு சொட்டு போரும் பழையபடி ஆவதுக்கு, இருமல் மருந்துகூட பாத்துத்தான் குடிக்கணும்ணு. முந்தின பாஸ்டருகிட்ட சொல்லி அப்பம் மட்டும் எடுத்துட்டு இருந்தாரு. புது பாஸ்டருகிட்ட சொல்ல வெக்கம். குடிகாரன் கதைய மறுபடியும் எதுக்கு விளம்பணும்ணு என்கிட்ட கேப்பாரு. கிண்ணம் மூக்குக்குக் கிட்ட வந்தா கை வெறைக்குதாம் டீச்சர்."

பூங்கனி வடிதுணியைப் பிழிவதை நிறுத்தினாள்.

"இப்பம் அபினாவுக்கு திடப்படுத்தல். அப்பா கூட வரல்லண்ணா நானும் எடுக்க மாட்டேன்னு பிள்ள அழுது. ஒனக்க அப்பா இப்பவும் குடியாண்ணு கூடப் படிக்குத கூட்டுக்காரிய எல்லாம் கேக்குதாவளாம். அவ அழுதத பாத்துட்டு இவரும் வாறேன்னு சொல்லிட்டாரு. எனக்கு பயமா இருக்கு. அண்ணைக்கு ஒரு நாள் மட்டும், காலையில எல்லாருக்கும் சேத்து திராட்சைய பிழிஞ்சு குடுத்தா போரும் டீச்சர். புளிக்காதது. வேற ஆருக்கும் தெரியண்டாம்."

கேட்டது இவ்வளவுதான். நாலைந்து கிலோ திராட்சை, ஒரு மணி நேரம். ஆனால் பூங்கனியின் காதில் விழுந்தது வேறு. இந்தப் பெண் தன் பரணியைச் சாராயப் பானை என்கிறாள் என்றுதான் விழுந்தது. பூங்கனியின் அண்ணன் குடித்தே செத்தவன். அந்த வேகத்தில் மதுக்கடையை மூடச் சொல்லி மூன்று தடவை ரோட்டில் உட்கார்ந்தவள் அவள். அவளைப் பார்த்தா இந்தப் பேச்சு? உச்சி முதல் உள்ளங்கால் வரை அவளுக்கு எரிந்தது.

"நான் என்ன, சாராயமா காய்ச்சுதேன்?"

"அய்யோ, அப்பிடி சொல்லல்ல டீச்சர்..."

"இருவத்திரண்டு வருசமா செய்யுதேன். பேராயருமாரு எடுத்திருக்காவ. பதினஞ்சு வயசுப் பிள்ளைய எடுத்திருக்கு. இது ஆண்டவருக்க ரத்தம் பிள்ள. விசுவாசத்தோட எடுத்தா ஒண்ணும் செய்யாது. விசுவாசம் இல்லாதவனுக்குத்தான் இந்த மாதிரி சாக்கு எல்லாம் வரும்."

பிரீனா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொல்லட்டா? அவன் ஒன்ன ஏமாத்துதான். நீயும் நம்பீட்டு நிக்குத."

"செரி டீச்சர்" என்றாள் பிரீனா. ஊற்றி வைத்த சாயாவைத் தொடாமலே போய்விட்டாள்.

பூங்கனியின் கணவர் சத்தியநேசன் முன்னறையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பேச்சும் அவர் காதுக்குத் தப்பாது, அவர் பேச்சு யார் காதுக்கும் எட்டாது. அன்றைக்கு எழுந்து அடுக்களை வரை வந்தார்.

"நான் கருங்கலுக்குப் போயி நாலஞ்சு கிலோ பழம் வாங்கிட்டு வாறேன். பிழிய என்ன பெரிய பாடு?"

"நீங்க சும்மா இருங்க."

"ஏட்டி, எனக்கே ஒரு தடவ பரணிக்க அடியில கெடந்தத குடிச்சிட்டு தல சுத்தீருக்கு. ஒனக்குத் தெரியாதா?"

"அது நீங்க வெறும் வயித்துல குடிச்சது" என்று சொல்லிப் பரணியைக் கழுவப் போனாள். சத்தியநேசன் அதற்குமேல் பேசவில்லை. அவர் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

சனிக்கிழமை பூங்கனி கருங்கல் சந்தைக்குப் போனாள். பழக்கடையில் கறுப்புத் திராட்சை குவிந்து கிடந்தது. ஒரு குலையைக் கையில் எடுத்தாள். பிரீனா வாசற்படியில் நின்ற நிற்பு மனதில் வந்தது. வாங்கிவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை, போதகரிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய கையோடு மற்றதும் தோன்றியது. இதைப் பிழிந்து கொடுத்தால் அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் என்ன ஆகும்? ஷாஜன் குடிக்கவில்லை என்றால், குடிக்கிறான் என்று ஆண்டவரிடமே சொன்னவள் யார்? லிஜா பிள்ளைகளை ஆட்டோவிலிருந்து நிறுத்தியது யார் பேச்சைக் கேட்டு? பூங்கனி குலையைக் கீழே வைத்தாள். ஏத்தன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்தப் பதினைந்து வினாடியைத்தான் பிறகு அவள் தன் வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலையிலும், பையன்கள் வெள்ளைச் சட்டையிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேராயர் ஒவ்வொரு தலையிலும் கைவைத்தார். அபினாவின் முக்காடு நழுவி நழுவி விழுந்தது. அவள் அதைச் சரிசெய்தபடியே அப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிருந்துக்கு அவர்கள் முறை வந்தபோது ஷாஜன் எழும்பினான். புதுச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக்கூடக் கலையவில்லை. மகள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில் ஒரு சலசலப்பு ஓடியது. பூங்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. என் ஜெபம் கேட்கப்பட்டது, ஒரு ஆத்துமா திரும்பிவிட்டது என்று உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள். அப்படித்தான் நினைத்தாள். பொய்யாக நினைக்கவில்லை.

மூன்று பேரும் முழங்காலிட்டார்கள். அப்பம் வந்தது. பிறகு கிண்ணம் வந்தது. பிரீனா, அபினா, ஷாஜன். ஒரு மிடறுதான் குடித்தான். ஆனால் கிண்ணத்தைப் பிடித்த கை உடனே விடவில்லை. போதகர் லேசாக இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. கோயிலில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. யார் எதைச் செய்கிறார்கள் என்று பார்த்தே பழகிய பூங்கனி மட்டும் பார்த்தாள்.

ஆராதனை முடிந்து கோயில் படிக்கட்டில் பேராயரோடு படம் எடுத்தார்கள். மற்ற பிள்ளைகளின் பின்னால் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். அபினாவின் பின்னால் பிரீனா மட்டும் நின்றாள். ஷாஜனையும் காணவில்லை, ஆட்டோவையும் காணவில்லை. கேக்கும் சாயாவும் கொடுத்துக்கொண்டிருந்த பூங்கனியிடம் அபினா வந்தாள்.

"டீச்சர், அப்பாவ பாத்தியளா?"

"இங்கதான் எங்கயாவது நிப்பாரு மக்கா" என்றாள் பூங்கனி. தலை நிமிராமல் அடுத்த தட்டில் கேக்கை வைத்தாள்.

மதியம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. தக்கலைக்குப் போகிற ரோட்டில், மதுக்கடையைத் தாண்டி ஆட்டோ குறுக்கே கிடந்தது. ஷாஜன் ஓரத்து ஓடையில், அதே புதுச் சட்டையோடு, வாயில் நுரை தள்ளக் கிடந்தான். திடப்படுத்தலுக்கு வந்து திரும்பிய வண்டிகளெல்லாம் அந்த வழியாகத்தான் போயின. பார்க்காதவர் பாக்கி இல்லை. இரண்டு ஆட்டோக்காரர்கள் தூக்கி வந்து வீட்டில் போட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் சங்கத்துப் பொருளாளர் சத்தியபாய் போன் செய்தாள். "டீச்சர் சொன்னது அப்பிடியே ஆச்சே! ஆண்டவரு டீச்சருக்கு முன்னமே வெளிப்படுத்தீட்டாரு. நாங்கதான் கண்ணு தெரியாம இருந்தோம்."

பூங்கனி போனை வைத்தாள். அவள் சொன்னது சரி என்று ஊரே சொன்னது. அது பொய் என்று ஷாஜன் வீட்டுக்கு வெளியே தெரிந்தவர்கள் இரண்டு பேர்: சத்தியநேசன், அவள். சத்தியநேசன் சோறு பரிமாறச் சொல்லவும் இல்லை, அவளைக் குற்றம் சொல்லவும் இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் ஷாஜன் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்கு எதிரே ரோட்டோரக் குழாயடியில் சத்தியபாயும் லிஜாவும் நின்றார்கள். தண்ணீர் பிடிக்க மட்டும் நிற்கிறவர்களாகத் தெரியவில்லை. அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். அபினா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெள்ளைச் சேலை மடிக்காமல் நாற்காலியில் கிடந்தது. ஷாஜன் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சரைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழும்பினான். எழும்பிக் கைகூப்பினான்.

"டீச்சர் மன்னிக்கணும். எனக்காக எவ்வளவு ஜெபிச்சிய. எல்லாத்தயும் கெடுத்துட்டேன்." கூப்பிய கையை அவன் இறக்கவில்லை. "ஆண்டவருக்க ரத்தத்த குடிச்சிட்டு நேரா கடைக்குப் போனவன் நான். எனக்கு விசுவாசம் பத்தாது டீச்சர்."

அந்த வார்த்தையைப் பிரீனா அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது. வியாழக்கிழமை அடுக்களையில் பூங்கனி எழுதிய தீர்ப்பை அவனே, தானாகவே, தனக்கு எழுதிக்கொண்டு நின்றான்.

"நீ என்கிட்ட மன்னிப்பு கேக்கப்பிடாது" என்றாள் பூங்கனி. "இவ என்கிட்ட வந்தா ஷாஜன். வியாழக்கிழமை வந்து எல்லாம் சொன்னா. புளிக்காதது குடுத்தா போரும்ணு கேட்டா. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

ஷாஜன் மனைவியைப் பார்த்தான். அவள் கேட்டுவிட்டு வந்ததும் அவனுக்குத் தெரியாது, கேட்டுக் கிடைக்காமல் வந்ததும் தெரியாது. கூப்பிய கை தானாகக் கீழே இறங்கியது. அவன் பூங்கனியைத் திட்டவில்லை. மறுபடியும் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"டீச்சர் போங்க" என்றாள் பிரீனா. "நாளைக்கு இவரக் கொண்டு சென்டர்ல விடணும். மறுபடியும் நாப்பத்தஞ்சு நாளு. இப்பம் போங்க."

"நான் வேண்டியது எல்லாம்..."

"ஜெபிக்க மட்டும் செய்யண்டாம்."

பூங்கனி வெளியே வந்தாள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதை மாற்றவில்லை.

"எப்பிடி இருக்கான் டீச்சர்? இப்பவும் போதைதானா?" என்றாள் லிஜா.

"அவன ஒண்ணும் சொல்லாதங்க" என்றாள் பூங்கனி. "தப்பு எனக்காக்கும். அவன் குடிக்கல்ல, மூணு வருசமா குடிக்கல்ல. பயந்துதான் கிண்ணத்துக்கு வராம இருந்தான். பிரீனா வந்து என்கிட்ட சொன்னா. நான் தெரிஞ்சுட்டே குடுத்தேன். நான்தான் அவனக் குடிக்க வச்சேன்."

வாழ்க்கையில் முதல்தடவையாக, பெயர் சொல்லி, அடையாளம் சொல்லி, தன்னைப் பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டு, இரண்டு பேரும் தன்னைக் காறித் துப்புவார்கள் என்று காத்து நின்றாள்.

சத்தியபாயின் கண்கள் நிறைந்தன. ஓடி வந்து பூங்கனியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா லிஜா? அந்தக் குடிகாரனுக்க பாவத்தயும் தனக்க தலையில ஏத்துதாவ. இந்தத் தாழ்மை ஆருக்கு வரும்? வெள்ளிக்கிழமை டீச்சர் இத சாட்சியா சொல்லணும்."

"சாட்சி இல்ல பிள்ள. நெசமாட்டு, நான்..."

"செரி செரி, அழாதங்க டீச்சர். ஆண்டவரு எல்லாம் பாக்குதாரு."

பின்னால், அந்த வீட்டின் ஜன்னலை யாரோ இழுத்துச் சாத்தினார்கள்.